கெர்னலும் கருவிகளும்: சேட்ஸ்வொர்த் பள்ளிக் கணினிக்கு எந்த வழி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சேட்ஸ்வொர்த்தில் நான் சனிக்கிழமைதோறும் போகும் தமிழ்ப் பள்ளியில் ஒரு சாமான் அறை உண்டு. ஆடிக் கூழுக்கு வாங்கிய மக்காச்சோள மாவு மூட்டைகள், கால் உடைந்த நாற்காலிகள், காவடிக்குக் கட்டும் பந்தல் துணி, இவற்றுக்கு நடுவே ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியின் சொத்தே அதற்குள்தான் இருக்கிறது. பல வருடத் திருவிழாப் படங்கள், பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கையெழுத்துப் பதிவேடுகளின் ஸ்கேன். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். கணினி தெரியும் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி, யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இலவச இயங்குதளம்.

பள்ளிக் குழுவில் இருக்கும் அங்கிள் ஒருவர் எந்த எண்ணையும் விடமாட்டார். கணக்குப் புத்தகத்தில் 5 ராண்ட் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். போன மாதம் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர் கேட்டார்: "தம்பி, ஒரே மிஷின்தானே? ரெண்டு இடத்துல ரெண்டு நம்பர் காட்டுதே?"

சரியான கேள்வி. யூநேம் கட்டளை சொல்வது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் இயங்குதள மையத்தின், பதிப்பு எண். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளைக்கு யூ என்ற எழுத்தைக் கொடுத்தால் வருவது, கெர்னலைச் சுற்றியிருக்கும் கருவிகளின் எண்: கட்டளைகளை வாங்கும் ஷெல், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ், கருவிகள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள், எல்லாம் சேர்ந்த யூசர்லேண்ட். ஒரு பாதுகாப்பு ஒட்டு (பேட்ச்) கருவிகளை மட்டும் தொட்டிருந்தால் கெர்னலின் ஒட்டு எண் பழையபடியே நிற்கும். அதனால் கடைசி ஒட்டு எண் வித்தியாசப்படுவது பெரும்பாலும் பழுது இல்லை. அதே கட்டளைக்குக் கே கொடுத்தால் வட்டில் இருக்கும் கெர்னலையும், ஆர் கொடுத்தால் ஓடும் கெர்னலையும் சொல்லும். அந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்ய மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த யாரோ நான்தான்.

"அப்போ எப்பத்தான் பழுது?" என்றார் அங்கிள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரை நீண்டது. இந்த வருடம் அந்தக் கணினியை 14 வரிசையிலிருந்து 15-க்கு ஏற்ற வேண்டும். எந்த வழியில் ஏற்றுவது என்பதைக் குழுவிடம் சொல்லியாக வேண்டும்.

முதலில் விதி. புதிய கெர்னல், பழைய கருவிகள் என்றால் வண்டி ஓடும். பழைய கெர்னல், புதிய கருவிகள் என்றால் ஓடாமல் போகலாம். கருவிகள் கெர்னலிடம் வேலை கேட்பதை அழைப்பு என்பார்கள். பழைய கருவிகளின் பழைய அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பகுதியைப் புதிய கெர்னல் தன்னோடு வைத்துக்கொண்டு வரும். ஆனால் நாளைக்கு என்ன புதிய அழைப்பு வரும் என்பது நேற்றைய கெர்னலுக்கு எப்படித் தெரியும்? இதற்கு நல்ல உதாரணம் 2017 மே மாதம். ஃப்ரீபிஎஸ்டி 12-க்கான வளர்ச்சிக் கிளையில் கோப்புகளின் அடையாள எண்களான ஐநோட் எண்களை 64 பிட்டாக மாற்றினார்கள். ஒரு கோப்புறையில் என்ன இருக்கிறது என்று படிக்கும் அடிப்படை அழைப்பே மாறிவிட்டது. புதிய கெர்னலில் ரீபூட் செய்யாமல் கருவிகளை முதலில் நிறுவியவர்களுக்கு எல்எஸ் கூட ஓடவில்லை. திரையில் வந்தது "பேட் சிஸ்டம் கால்" மட்டும்.

எதிர்த்திசையிலும் முழு நிம்மதி கிடையாது. கெர்னலின் உள்ளறைகளை எட்டிப் பார்க்கும் கருவிகள் சில உண்டு. பிஎஸ், நெட்ஸ்டாட், ஃபயர்வால் விதிகளை ஏற்றும் பிஎஃப்சிடிஎல் போன்றவை. கெர்னல் மாறி இவை மாறாமல் இருந்தால் பிஎஸ் "ப்ராக் சைஸ் மிஸ்மேட்ச்" என்று முனகும். அதை விட்டுவிடலாம். பிஎஃப்சிடிஎல் விதிகளை ஏற்றாமல் போனால் கதவு திறந்தபடி இருக்கும். அதை விட முடியாது.

ஆக, எல்லா வழியிலும் கடைசியில் கெர்னலும் கருவிகளும் ஒத்துப்போய்விடும். ஒத்துப்போகாமல் இருக்கும் அந்த இடைப்பட்ட நேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம். சேட்ஸ்வொர்த்தில் எனக்கு முக்கியம் அது. பெங்களூரில் டேட்டா சென்டரில் உட்கார்ந்திருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

மூலநிரலிலிருந்து தொகுப்பது பழைய வழி. கெர்னலும் கருவிகளும் ஒரே மரத்தில் வளர்வது ஃப்ரீபிஎஸ்டியின் அழகு. மேக் பில்ட்வேர்ல்ட், பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட், பிறகு இன்ஸ்டால்வேர்ல்ட், நடுவில் கட்டமைப்புக் கோப்புகளைச் சரிபார்க்க ஈடிசிஅப்டேட். இந்த வரிசையே மேலே சொன்ன விதியைப் பின்பற்றித்தான் அமைந்திருக்கிறது. இளவயதில் இதைச் செய்வதில் ஒரு பெருமை இருந்தது. ஆனால் எல்எல்விஎம் என்ற தொகுப்பி மட்டுமே எங்கள் கணினியில் பாதி நாளைத் தின்றுவிடுகிறது. மின்விசிறி ஊளையிடும், பக்கத்து வகுப்பில் உயிரெழுத்துப் பாட்டு பாடும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். கெர்னலில் சொந்த மாற்றம் ஏதாவது வேண்டுமென்றால் சரி. எங்களுக்கு வேண்டாம். இந்த வழியை இதோடு விட்டேன்.

இரண்டாவது ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட். தொகுத்த கோப்புகளை இறக்கி, முதலில் கெர்னலை வைக்கும். ரீபூட் செய்து மறுபடி இன்ஸ்டால் என்றால் கருவிகளை வைக்கும். நாம் நிறுவிய மென்பொருள்களைப் புதுப்பித்துவிட்டு மூன்றாவது முறை இன்ஸ்டால் என்றால் பழைய லைப்ரரிகளை அகற்றும். உள்ளேயும் ஒழுங்கு இருக்கிறது. லைப்ரரிகள் முன்னால், அவற்றை நம்பியிருக்கும் கருவிகள் பின்னால். நன்றாக யோசித்துச் செய்த கருவி. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே ஓடு மாற்றுகிற வேலை அது.

2021 கடைசியில் எனக்கு அது புரிந்தது. அப்போது லோட் ஷெட்டிங் காலம், அதாவது அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவார்கள். 12.2-இலிருந்து 13.0-க்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். கெர்னல் போனது, ரீபூட் ஆனது, கருவிகள் பாதி இறங்கியிருந்தன. அட்டவணைப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நான் பார்த்தது பழைய அட்டவணை. விளக்கு போனது. யூபிஎஸ் தாங்கும் என்றிருந்தேன், அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது ஒரு லைப்ரரி பூஜ்ய பைட்டாகக் கிடந்தது. அதை நம்பியிருந்த கருவிகள் எல்லாம் "இன்வேலிட் ஃபைல் ஃபார்மட்" என்றன. லாகின் கூட வரவில்லை.

காப்பாற்றியது ரெஸ்க்யூ என்ற கோப்புறை. எந்த லைப்ரரியையும் நம்பாமல் தனியே ஓடும்படி கட்டிய முக்கியக் கருவிகள் அதில் இருக்கும். சிங்கிள் யூசர் முறையில் ஏற்றும்போது எந்த ஷெல் வேண்டும் என்று கேட்கும். வழக்கமாக என்டர் தட்டிவிட்டுப் போவோம். அன்றைக்கு ரெஸ்க்யூவில் இருக்கும் ஷெல்லின் முழுப் பாதையையும் எழுத்து எழுத்தாக அடித்தேன். நிறுவும் பென் டிரைவிலிருந்து அந்த ஒரு லைப்ரரியை எடுத்துப் போட்டேன். அப்புறம் இன்ஸ்டாலை மறுபடி ஓட்ட, விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொண்டது. இரவு பத்து மணி வரை அங்கிள் கூடவே இருந்தார், பன்னி சௌ வாங்கி வந்தார். முதன்முதலில் போனில் இந்தப் பெயரைச் சொன்னபோது ஊரில் அம்மா பதறிப்போனாள். பன்றி இல்லை அம்மா, ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பு ஊற்றுவது. அன்றைக்கு பீன்ஸ் குழம்பு.

அதற்குப் பிறகுதான் வட்டை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைக்கு மாற்றினோம். அதில் பூட் என்விரான்மென்ட் என்ற வசதி கிடைக்கிறது. கெர்னல், கருவிகள், கட்டமைப்பு எல்லாம் சேர்ந்த ஒரு முழு நிலையை அப்படியே பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம், ஏற்றும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இதைக் கையாளும் பிஇசிடிஎல் கட்டளை 12.0-இலிருந்து இயங்குதளத்தோடே வருகிறது. இப்போது ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டும் வேலையைத் தொடங்குமுன் தானாகவே இப்படி ஒரு நகலை எடுத்து வைக்கிறது. அதனால் இந்த இரண்டாவது வழியை மோசம் என்று சொல்லமாட்டேன். பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் யாராவது திரைக்கு முன் நின்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நின்றால் சனிக்கிழமை வரை பள்ளி காத்திருக்கும்.

மூன்றாவது அங்கிளின் வழி. "நம்ம ஊர்ச் சாமானை விட்டுட்டு எதுக்குத் தம்பி வேற?" என்பார். அவர் சொல்வது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை. பெயர் இசுலு, கோசா மொழிகளில் புழங்கும் சொல். அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து வெல்கமில் பிறந்தவர். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த காலத்தில் வீட்டுக்கே இலவசமாக சிடி அனுப்புவார்கள். இணையம் விலை உயர்ந்திருந்த இந்த நாட்டில் அது பெரிய விஷயம். அங்கிளின் மகன் வாங்கிய சிடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் மூன்று மேசைக் கணினிகளிலும் உபுண்டுதான், அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

லினக்ஸ் உலகில் இந்தப் பிரச்சினையின் முகமே வேறு. கெர்னல் ஒரு குழுவிடமிருந்து வருகிறது, கருவிகள் வேறு குழுக்களிடமிருந்து. கெர்னல் மாறினாலும் அதன் மேல் ஓடும் நிரல்கள் உடையக் கூடாது என்பதில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறார் பேர்வழி. இந்த ஒரு பிடிவாதத்தால்தான் டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் கெர்னலையும் மற்றதையும் தனித்தனியே புதுப்பித்துக்கொண்டே போக முடிகிறது. புதிய கெர்னல் பழையதுக்குப் பக்கத்தில் போய் உட்காரும், பழையது அழியாது, ரீபூட் எப்போது என்பது நம் விருப்பம். எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்ற கவலையே பாதி போய்விடுகிறது.

பாதிதான். மீதிப் பாதி மூலைகளில் ஒளிந்திருக்கிறது. மிகப் பழைய கெர்னலில் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் புதிய பதிப்பை ஓட்டினால் "கெர்னல் டூ ஓல்ட்" என்று சொல்லி உடனே நின்றுவிடும். பழைய சர்வரில் தன் கருவிகளைத் தானே சுமந்து வரும் புதிய கண்டெய்னர் ஓட்டியவர்களுக்கு இது பழக்கம். என் லேப்டாப்பில் இருக்கும் லினக்ஸ் வகை வேறு விதம். புதிய கெர்னலைப் போடும்போது பழையதன் மாட்யூல்களை, அதாவது தேவைப்படும்போது கெர்னல் ஏற்றிக்கொள்ளும் துண்டுகளை, வட்டிலிருந்து எடுத்துவிடும். ஒருமுறை புதுப்பித்துவிட்டு ரீபூட் செய்யாமல் பள்ளிக்குப் போய், காவடிப் படங்கள் இருந்த பென் டிரைவைச் செருகினேன். விஃபேட் என்ற கோப்பு முறையே தெரியாது என்றது. ஓடுவது நேற்றைய கெர்னல், வட்டில் இருப்பது இன்றைய கெர்னலின் மாட்யூல்கள். நாற்பது பெற்றோர் முன்னால் ரீபூட் செய்தேன்.

எங்களுக்கு உறுத்துவது இசட்எஃப்எஸ். உரிமச் சிக்கலால் லினக்ஸ் கெர்னலுக்குள் அது சேரவில்லை. உபுண்டு 16.04-இலிருந்து தொகுத்த மாட்யூலாகவே கொடுக்கிறது. டெபியனில் ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் நம் கணினியிலேயே தொகுக்க வேண்டும். இசட்எஃப்எஸ் இன்னும் ஏற்காத புத்தம்புதுக் கெர்னல் வந்து, தொகுப்பு தோற்று, அதைக் கவனிக்காமல் ரீபூட் செய்தால் கணினி எழும்பும், பாட்டிமாரின் தாலாட்டு இருக்கும் வட்டு மட்டும் எழும்பாது. நிலையான பதிப்பின் கெர்னலோடே இருந்தால் இது அரிது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிளிடம் சொன்னேன்: மேசைக்கு உபுண்டு, சாமான் அறைப் பெட்டகத்துக்கு வேண்டாம். முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார்.

கெர்னல், கருவிகள் எல்லாம் ஒரே தொகுப்பாக மாறும் வகைகளும் உண்டு: ஃபெடோராவின் சில்வர்புளூ, நிக்ஸ்ஓஎஸ். இவற்றில் இடைவெளி என்பதே கிட்டத்தட்ட இல்லை. கருத்தளவில் எனக்கு மிகப் பிடித்தவை. ஆனால் நான் ஊருக்குப் போயிருக்கும்போது நிக்ஸ்ஓஎஸ்ஸின் மொழியைப் படித்துப் பழுது பார்க்க சேட்ஸ்வொர்த்தில் எனக்கு ஆள் தெரியாது. ரவுட்டராக இருக்கும் சின்னப் பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டிக்கு உறவான ஓப்பன்பிஎஸ்டி ஓடுகிறது. அங்கே கேள்வியே எழவில்லை. 6.6-இலிருந்து வரும் சிஸ்அப்கிரேடு, தனியே ஒரு நிறுவும் கெர்னலில் ஏறி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, கடைசி இரண்டுக்கு மட்டும் ஆதரவு, பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒழுங்கானவர்களுக்கு ஏற்ற முறை. பெட்டி செத்தாலும் ஒரு கட்டமைப்புக் கோப்பைத் திரும்பப் போட்டால் முடிந்தது.

சரி, பெட்டகத்துக்கு என்ன? டிசம்பர் 2025-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 15.0, இயங்குதளத்தையே பேக்கேஜ்களாகப் பிரித்துத் தருகிறது. பிகேஜிபேஸ் என்பார்கள். 15 வரிசையில் பழைய முறையும் இருக்கும். பழைய நிறுவலை இதற்கு மாற்ற பிகேஜிபேஸிஃபை என்ற ஸ்கிரிப்டும் உண்டு. முதலில் கேள்விப்பட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே கட்டாக வந்ததைத் துண்டு துண்டாக்கினால், ஒரு துண்டை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை மறக்க வழி வைக்கிறார்களே என்று பட்டது. அந்த பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

மனம் மாறியது பூட் என்விரான்மென்டோடு சேர்த்துப் பார்த்தபோது. புதிதாக ஒன்றை உருவாக்கு, அதைத் தனி இடத்தில் மவுண்ட் செய், பேக்கேஜ் கருவியை அந்த இடத்தை நோக்கித் திருப்பி அங்கே புதுப்பி. ஓடிக்கொண்டிருப்பதன் மேல் ஒரு கை கூடப் படாது. நடுவில் விளக்கு போனால் பாதி வெந்த அந்தச் சுற்றுப்புறத்தை, அதாவது புதிய பூட் என்விரான்மென்டை, தூக்கி எறிந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பள்ளிக்குத் தெரியவே தெரியாது. முடிந்ததும் பிஇசிடிஎல் ஆக்டிவேட்டுக்கு டி என்ற எழுத்தைச் சேர்த்தால் அடுத்த ஒரு ஏற்றத்துக்கு மட்டும் புதியது வரும். ரீபூட் ஆகும் அந்த நொடியில் கெர்னலும் கருவிகளும் சேர்ந்தே மாறுகின்றன. புதியது தடுமாறினால் பவர் பட்டனை அணைத்துப் போட்டால் போதும், அடுத்த முறை பழையதே எழும். அங்கிளே செய்யலாம், கட்டளை எதுவும் தெரிய வேண்டாம்.

இதிலும் முள் இருக்கிறது. 14-இலிருந்து 15-க்குப் போகும்போது புதிய சுற்றுப்புறத்தையே முழு அமைப்பாகக் கொண்டு உள்ளே நுழைந்து (க்ரூட்) அங்கிருக்கும் கருவிகளை ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஓடும் கெர்னல் இன்னும் 14 என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன அதே விதி அங்கே வந்து நிற்கும். ஜெயிலுக்கும், அதாவது அதே கெர்னலில் தனியே அடைத்து ஓட்டும் அமைப்புக்கும், இதுவே. பள்ளி நூலகப் பட்டியல் ஒரு ஜெயிலில் ஓடுகிறது. முதலில் வெளிக் கணினி, பிறகுதான் ஜெயில். உள்ளே இருப்பது வெளியே இருக்கும் கெர்னலைவிட மூத்ததாக இருக்கலாம், இளையதாக இருக்கக் கூடாது.

இன்னொரு முள்தான் பெரியது. புதிய கெர்னலில் ஏறியதும் இசட்எஃப்எஸ் வட்டின் நிலையைச் சொல்லும் இசட்பூல் ஸ்டேட்டஸ் பார்த்தால், சில புதிய வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை, இசட்பூல் அப்கிரேடு ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். ஏதோ குறை போலத் தெரியும். உதவிக்கு வரும் ஒரு பையன் நல்லெண்ணத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டான். வட்டின் வடிவமே முன்னேறிவிட்டால் பழைய சுற்றுப்புறத்தில் இருக்கும் பழைய கெர்னலுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் போகலாம். திரும்பிப் போகும் பாதை அடைபட்டுவிடும். கெர்னலை ஏற்றிவிடும் பூட் லோடரையும் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் எந்தக் கெர்னலும் ஏறாமலும் போயிருக்கும். நல்லவேளை, எனக்கு உடனே போன் செய்தான். ரீபூட்டுக்கு முன் கணினி எழும்பும்போது முதலில் படிக்கும் ஈஎஃப்ஐ வட்டுப் பகுதியில் லோடரை மாற்றினோம். திட்டவில்லை. அந்த வாசகத்தைப் படித்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆகவே குழுவுக்கு நான் சொன்னது: பெட்டகம் ஃப்ரீபிஎஸ்டியிலேயே இருக்கட்டும், பிகேஜிபேஸுக்கு மாற்றி, எப்போதும் தனிச் சுற்றுப்புறத்தில்தான் புதுப்பிப்பது. அது தகராறு செய்தால் 14-இலேயே இருந்து ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்; 14 வரிசைக்கு 2028 நவம்பர் வரை ஆதரவு இருப்பதால் அவசரம் ஒன்றுமில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் வெகுவாகக் குறைந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். குறைந்தது உண்மை. ஆனால் தெருவில் கேபிளை வெட்டி எடுத்துப் போகிறவனுக்கு அட்டவணை கிடையாதே என்று நான் சொல்லுமுன் அங்கிளே சொல்லிவிட்டார். புதிய யூபிஎஸ் பேட்டரிக்கும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

நாள் குறிப்பதில்தான் இழுபறி. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழா இருப்பதால் ஈஸ்டர் வாரம் வேண்டாம் என்றார்கள். ஆடியில் சாமான் அறைக்குள் மூட்டைகளைத் தாண்டிப் போகவே முடியாது. கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கணினியின் நெற்றியில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அங்கிளின் கையெழுத்து, எழுத்துப் பிழை இல்லாத தமிழ்: "இசட்பூல் அப்கிரேடு செய்யாதே. நம்பர் வேறாக இருந்தால் தம்பியைக் கேள்."